ஆவடியா, தாம்பரமா?

சென்னை சென்ட்ரலிலிருந்து மேற்கே சுமார் 21 கிலோமீட்டரில் ஆவடி. கடற்கரை நிலையத்திலிருந்து தெற்கே சுமார் 29 கிலோமீட்டரில் தாம்பரம். ஆவடி 2019 ஜூனில் மாநகராட்சி ஆனது, தாம்பரம் 2021 நவம்பரில். இரண்டுக்கும் 2022 ஜனவரியில் தனித்தனிக் காவல் ஆணையரகம் கிடைத்தது. நகரத்துக்குள் விலை விசாரித்துக் களைத்த நடுத்தரக் குடும்பங்களில் பல, கடைசியில் இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

தரகரிடம் கேட்டால் சதுர அடி விலையில் பேச்சைத் தொடங்குவார். என் கணக்கில் விலை நான்காவது இனம். வேலை எந்தத் திசையில் இருக்கிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மழைத் தண்ணீர் எங்கே போகிறது என்ற மூன்றும் அதற்கு முன்னால் நிற்கின்றன. மாதச் செலவைத் தீர்மானிப்பவை இந்த மூன்றும்தான். பத்திரத்தில் எழுதப்படுவதோ நான்காவது மட்டுமே.

முதலில் ஊரின் அளவு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆவடி நகராட்சியில் 3,45,996 பேர். பரப்பு 65 சதுர கிலோமீட்டர். சதுர கிலோமீட்டருக்கு 5,300 பேர் என்று வருகிறது. தாம்பரம் மாநகராட்சி, தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளையும் பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, சிட்லபாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளையும் சேர்த்து உருவானது. பரப்பு 87.64 சதுர கிலோமீட்டர். அதே 2011 கணக்கில் இந்தப் பகுதிகளின் மக்கள்தொகை ஏறக்குறைய 7.2 லட்சம். நெரிசல் சதுர கிலோமீட்டருக்கு 8,200 பேர்.

இந்தச் சராசரியை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, எஞ்சின் தொழிற்சாலை, படைத்துறை உடைத் தொழிற்சாலை, ஆய்வுக்கூடங்கள், குடியிருப்புகள் என்று பாதுகாப்புத் துறையின் கையில் பெரும் நிலம் இருக்கிறது. அந்த நிலத்தில் நீங்கள் மனை வாங்க முடியாது. அதைக் கழித்துவிட்டால் மக்கள் குடியிருக்கும் தெருக்களின் நெரிசல் 5,300-க்கு வெகு மேலே போகும். தாம்பரத்திலும் விமானப்படைத் தளம் இருக்கிறது. 365 ஏக்கரில் சென்னைக் கிறித்துவக் கல்லூரி இருக்கிறது. ஆக, ஆவடி காலியான ஊர் என்ற எண்ணத்தோடு போகிறவருக்கு காமராஜ் நகரும் திருமுல்லைவாயலும் வேறு கணக்கைக் காட்டும்.

வளர்ந்த வேகத்திலும் வேறுபாடு உண்டு. 2001-க்கும் 2011-க்கும் இடையில் ஆவடி நகராட்சி சுமார் 2.3 லட்சத்திலிருந்து 3.46 லட்சமானது. பத்தாண்டில் 50 சதவீதம். பழைய தாம்பரம் நகராட்சி சுமார் 1.38 லட்சத்திலிருந்து 1.75 லட்சத்துக்கு வந்தது, 27 சதவீதம். தாம்பரம் முன்பே நிரம்பிய ஊர். அதன் காரணம் தண்டவாளத்தில் இருக்கிறது. கடற்கரை-தாம்பரம் மின்ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியது. சென்ட்ரலிலிருந்து ஆவடி வழியாகத் திருவள்ளூர் போகும் பாதை 1979-இல்தான் மின்மயமானது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு 1856-இல் ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் இந்தப் பாதையில்தான் போனது என்றாலும், அன்றாட வேலைக்குப் போய்வரும் மின்வண்டி வர ஆவடி தாம்பரத்தைவிட 48 ஆண்டு கூடுதலாகக் காத்திருந்தது. அந்த 48 ஆண்டில் தாம்பரம் பாதையில் உள்ள குரோம்பேட்டையும் பல்லாவரமும் குடியிருப்புகளாகிவிட்டன.

உங்கள் குறையைக் கேட்க எத்தனை பேருக்கு ஒரு கவுன்சிலர் என்பதும் வசிப்பவரின் கணக்கில் வரவேண்டும். ஆவடியில் 48 வார்டு, தாம்பரத்தில் 70. 2011 மக்கள்தொகையை வைத்தே வகுத்தால் ஆவடியில் 7,200 பேருக்கு ஒருவர், தாம்பரத்தில் 10,300 பேருக்கு ஒருவர். இன்றைய மக்கள்தொகையில் இரண்டுமே கூடியிருக்கும். தெருவிளக்குக்கும் குப்பைக்கும் அலைகிறவர்களுக்கு இந்த மூவாயிரம் பேர் வித்தியாசம் பெரிது.

இனி வேலைத் திசை. ஆவடியிலிருந்து சென்ட்ரல் வரை, இரு முனைகளையும் சேர்த்து 13 நிலையங்கள். அண்ணனூர், திருமுல்லைவாயல் தாண்டினால் அம்பத்தூர், மூன்றாவது நிலையம். 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை, பெரம்பூர் ரயில்வே பணிமனைகள், வில்லிவாக்கம் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை எல்லாம் இந்த ஒரே கோட்டை ஒட்டி இருக்கின்றன. தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை 18 நிலையங்கள். கிண்டி, சைதாப்பேட்டை, மாம்பலம், நுங்கம்பாக்கம், எழும்பூர் என்று நகரத்தின் அலுவலகங்களும் கடைத்தெருக்களும் இந்தக் கோட்டில் வரிசையாக வருகின்றன. தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் தொடங்கிய ஏற்றுமதி மண்டலம் அடுத்த நிலையம். விமான நிலையத்துக்குத் திரிசூலம், நான்காவது நிலையம்.

தாம்பரம்-கடற்கரை சாதாரண டிக்கெட் 10 ரூபாய். 2025 ஏப்ரலில் வந்த குளிர்சாதன மின்ரயிலில் அதே தூரத்துக்கு 85 ரூபாய். 25 நாள் போய்வந்தால் சாதாரண வண்டியில் தனித்தனி டிக்கெட்டுக்கே 500 ரூபாய், சீசன் டிக்கெட் எடுத்தால் இன்னும் குறைவு. குளிர்சாதன வண்டியில் 4,250 ரூபாய். மாநகரப் பேருந்தில் விருப்பம்போல் பயணிக்கும் மாதச் சீட்டு 1,000 ரூபாய். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை. வேலைக்குப் போகும் இரு பெண்கள் உள்ள வீட்டில் இதுவே மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம் பிடிக்கும்.

டிக்கெட் விலையைவிடப் பெரிய செலவு, தவறான கோட்டில் வீடு வாங்குவது. அம்பத்தூரில் வேலை பார்ப்பவர் தாம்பரத்தில் வீடு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெருங்களத்தூரிலிருந்து புழல் போகும் புறவழிச்சாலையில் பைக்கில் ஒரு வழிக்கு சுமார் 25 கிலோமீட்டர். 25 நாளில் போகவர 1,250 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்றால் 25 லிட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மாதம் 2,500 ரூபாய். ஆவடியில் இருந்திருந்தால் மூன்று நிலையம், கால் மணி நேரம். ஒரு வழிக்கு முக்கால் மணி நேரம் கூடுதல் என்றால் மாதம் 37.5 மணி நேரம், வருடத்துக்கு 450 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாக மாற்றினால் 56 நாள். கனரக வண்டிகளுக்கு நடுவே பைக்கில் கழியும் 56 நாள். இதற்கு நான் ரூபாய் போட மாட்டேன். பிள்ளைகளோடு உட்கார வேண்டிய மாலைப்பொழுது அது.

மறுபக்கம், சானடோரியத்தில் வேலை பார்ப்பவர் ஆவடியில் வீடு வாங்கினால் சென்ட்ரல் வரை வந்து, பார்க் நிலையத்துக்கு நடந்து மாறி, மறுபடியும் தெற்கே வரவேண்டும். முதல் வண்டியில் 12 நிறுத்தம், இரண்டாவது வண்டியில் 14. விலையில் மிச்சம் பிடித்த பணத்துக்கு ஈடாக தினமும் 52 நிறுத்தம் கடக்க வேண்டும். பழைய மாமல்லபுரம் சாலை மென்பொருள் நிறுவனங்களுக்கு இரண்டு ஊரிலிருந்தும் நேரடி ரயில் இல்லை. ஆனால் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போக நகருக்குள் நுழைய வேண்டியதில்லை. ஆவடிக்காரருக்கு அந்த வேலை அன்றாடம் தாங்காது.

சொந்த ஊர் எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 88 ஏக்கரில் 393 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கட்டிய கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-இல் திறந்தது. திருச்சி, மதுரை, நெல்லைக்காரர்களுக்குத் தாம்பரம் வாசல்படி ஆகிவிட்டது. தெற்கே போகும் ரயில்களும் அங்கே ஏறக் கிடைக்கின்றன. வேலூர், சேலம், கோவைப் பக்கத்துக்காரர்களின் ரயில்கள் போவது ஆவடிப் பாதையில். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் குழந்தைகளோடும் மூட்டைகளோடும் நகரத்தைக் குறுக்கே கடப்பது எவ்வளவு பெரிய பாடு என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

இப்போது விலைக்கு வருவோம். ஒரே அளவு, ஒரே வயதுள்ள வீட்டுக்குத் தாம்பரத்தில் பொதுவாகக் கூடுதலாகச் சொல்கிறார்கள். எவ்வளவு என்பது தெருவுக்குத் தெரு மாறும். கணக்குக்காக, 1,000 சதுர அடி புது ஃபிளாட்டில் சதுர அடிக்கு 1,000 ரூபாய் வித்தியாசம் என்று வைப்போம். ஆவடியில் 50 லட்சம், தாம்பரத்தில் 60 லட்சம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடன்களுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. 2023 டிசம்பர் முதல், கட்டுநரிடமிருந்து நேரடியாக வாங்கும் ஃபிளாட்டுக்கு 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டுத் தவணை என்று வைத்தால் கணக்கு இப்படி நிற்கிறது:

ஆவடி, 50 லட்சம்: கைப்பணம் 10 லட்சம். பத்திரச் செலவு 3 லட்சம். கடன் 40 லட்சம். மாதத் தவணை சுமார் 34,700 ரூபாய்.

தாம்பரம், 60 லட்சம்: கைப்பணம் 12 லட்சம். பத்திரச் செலவு 4.2 லட்சம். கடன் 48 லட்சம். மாதத் தவணை சுமார் 41,650 ரூபாய்.

தொடக்கத்தில் 3.2 லட்சம் கூடுதல். மாதம் 6,950 ரூபாய் கூடுதல், அது 20 ஆண்டில் 16.7 லட்சம். தரகர் சொன்ன 10 லட்சம் வித்தியாசம் கடைசித் தவணை கட்டும் நாளில் ஏறக்குறைய 20 லட்சமாக முடிந்திருக்கும். 50 லட்சம் என்ற எல்லையைத் தாண்டும்போது தீர்வையின் சதவீதமும் ஏறுவதைக் கவனியுங்கள். 51 லட்சத்துக்கு விலை பேசிக்கொண்டிருப்பவர் அந்த ஒரு லட்சத்தைக் குறைக்கப் பாடுபட்டால், பத்திரச் செலவிலும் 57,000 ரூபாய் மிஞ்சும். பழைய வீடு, தனி வீடு, மனை என்றால் இந்தச் சலுகை இல்லை. தீர்வை 7-உம் பதிவுக் கட்டணம் 2-உம் சேர்ந்து 9 சதவீதம்.

வாடகைக்குப் போகிறவருக்கு இரண்டு ஊரிலும் ஒரே தொல்லை, அட்வான்ஸ். 15,000 ரூபாய் வாடகைக்குப் பத்து மாத அட்வான்ஸ் என்றால் 1.5 லட்சம் முடங்கும். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. மூன்று மாதம் என்றால் 45,000. 'வேறு ஒப்பந்தம்' என்ற சொல்லுக்குள் புகுந்து பழைய பத்து மாத வழக்கம் தொடர்கிறது. கேட்டுப் பேசினால் இறங்கி வரும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள்.

தண்ணீர்க் கணக்குதான் இந்த இரண்டு ஊரிலும் அதிகம் மறைக்கப்படுவது. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு இந்திய அரசின் குடிநீர்க் கையேடு வைத்திருக்கும் அளவு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 540 லிட்டர், மாதம் 16,200. 24 வீடுகள் உள்ள அடுக்ககத்துக்கு நாளொன்றுக்கு 12,960 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்று தினமும் வந்தாலும் போதாது. போர் வற்றி, குழாய்த் தண்ணீரும் இல்லாத ஒரு மாதத்தில் அந்தக் கட்டடத்துக்கு 32.4 லாரி வேண்டும். லாரிக்கு 1,000 ரூபாய் என்றால் வீட்டுக்கு 1,350. கோடையில் 1,500 ஆனால் 2,025. வருடத்தில் நாலு மாதம் இப்படி என்றால் 8,100 ரூபாய். பராமரிப்புக் கட்டணம் என்ற பெயரில் இது வருவதால் வீடு பார்க்கும்போது கண்ணில் படுவதில்லை. எனவே சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைக் கேளுங்கள். கடந்த ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் எத்தனை லாரி இறங்கியது என்று பாருங்கள். காட்ட மறுத்தால் அந்த மறுப்பையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

தாம்பரம், பல்லாவரம் பக்கம் அடியில் சார்னோகைட் பாறை. பாறை வெடிப்பில் தேங்கிய நீர்தான் போரில் வரும். ஒரு வீட்டில் 150 அடியில் பொங்கும், அடுத்த மனையில் 400 அடியிலும் புழுதி வரும். பக்கத்து வீட்டு போரைக் காட்டி உங்கள் மனைக்கு யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆவடிப் பக்கம் களிமண் கலந்த நிலம், மழைநீர் மெதுவாகத்தான் இறங்கும். எந்த ஊரானாலும் கூரைத் தண்ணீரைச் சேமித்தால் பலன் கணிசமானது. சென்னையின் ஆண்டு மழை ஏறக்குறைய 140 சென்டிமீட்டர். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் விழுவது 1,30,000 லிட்டர். அதில் 80 சதவீதம் பிடித்தால் 1,04,000 லிட்டர். நாலு பேர் குடும்பத்துக்கு ஆறு மாதத் தண்ணீர். மழைநீர்ச் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-இலேயே கட்டாயமானது. தனி வீட்டுக்காரர் குழாயைக் கிணற்றுக்குத் திருப்பிவிட்டால் முடிந்தது. 24 வீட்டு அடுக்ககத்தில் அதே மாடியை 24 பேர் பங்கிட வேண்டும். தனி வீட்டுக்கும் ஃபிளாட்டுக்கும் உள்ள மிகப் பெரிய வேறுபாடு இதுதான் என்று நினைக்கிறேன்.

வெள்ளத்தில் இரண்டு ஊருமே தேர்ச்சி பெறவில்லை. 2015 டிசம்பர் 2 காலை 8.30-உடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி மனையில் மட்டும் அன்று விழுந்தது 1,09,000 லிட்டர், ஒன்பது லாரித் தண்ணீர். அடையாற்றின் கரையில் உள்ள முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் அது மாடியைத் தொட்டது. 2021-லும் 2023-லும் அதே பகுதிகளில் மறுபடி தண்ணீர் நின்றது. ஆவடியும் தப்பவில்லை. 2023 மிக்ஜாம் புயலில் ஆவடி, திருமுல்லைவாயல் தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. ஆவடிப் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும்போது தண்ணீர் போகும் கால்வாய்கள் பல இடங்களில் சுருங்கியும் அடைபட்டும் கிடக்கின்றன. கலங்கலுக்குக் கீழே உள்ள நகர்களுக்குக் கதி அதுதான்.

கீழ்த்தளத்தில் ஒரு முறை தண்ணீர் புகுந்தால் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், பைக் எஞ்சின் என்று 60,000 ரூபாய் போகிறது என்று குறைவாகவே வைப்போம். 2015, 2021, 2023 மூன்று வெள்ளத்துக்கும் 1.8 லட்சம். எட்டு ஆண்டு என்பது 96 மாதம். மாதத்துக்கு 1,875 ரூபாய். தாழ்வான தெருவில் வாடகை ஆயிரம் ரூபாய் குறைவு என்று சந்தோஷப்படுகிறவர் உண்மையில் மாதம் 875 ரூபாய் கூடுதலாகத் தருகிறார். முதியவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு மார்பளவு தண்ணீரில் நடந்தவர்களின் துயரத்துக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

ஏரிகளைச் சீர்செய்ய அரசு செலவு செய்திருக்கிறது. ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி 87 ஏக்கர், சுமார் 28 கோடி ரூபாயில் நடைபாதையோடு பசுமைப் பூங்காவாகி 2019-இல் திறந்தது. சிட்லபாக்கம் ஏரிக்கு 25 கோடி ஒதுக்கினார்கள். அதை மீட்க அந்த ஊர்க்காரர்களே பல ஆண்டு போராடினார்கள். கரையை அழகாக்குவது நல்லது. வரத்துக் கால்வாயும் போக்குக் கால்வாயும் திறந்திருந்தால்தான் தெரு காயும். ஏரிக்குச் செலவிட்ட கோடிகள் கால்வாய்க்கும் வரவேண்டும்.

மெட்ரோ ரயில் வரப்போகிறது என்று இரண்டு ஊரிலும் மனை விற்கிறார்கள். கோயம்பேட்டிலிருந்து ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை 21.76 கிலோமீட்டர், 19 நிலையங்கள், மதிப்பீடு 9,744 கோடி. விமான நிலையத்திலிருந்து தாம்பரம் வழியாகக் கிளாம்பாக்கம் வரை 15.46 கிலோமீட்டர், 13 நிலையங்கள், 9,335 கோடி. இவை திட்ட அறிக்கையின் எண்கள். அறிக்கையில் உள்ள நிலையத்துக்காக இன்று சதுர அடிக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தராதீர்கள். கண்ணால் பார்க்கக் கூடியவற்றுக்குத் தரலாம். பட்டாபிராமில் 330 கோடி ரூபாயில் 21 மாடி டைடல் பூங்கா 2024 நவம்பரில் திறந்துவிட்டது. வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரை சுமார் 30 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை 2014 முதல் ஓடுகிறது. இரண்டு ஊர்களையும் நகரத்துக்குள் வராமலே இணைப்பது இந்தச் சாலை.

அரசு அலுவலக அலைச்சலில் ஆவடிக்குச் சற்றுச் சாதகம். ஆவடிக்காரரின் ஆட்சியர் அலுவலகம் இருக்கும் திருவள்ளூர் அதே ரயிலில் 21 கிலோமீட்டர். தாம்பரத்துக்காரரின் செங்கல்பட்டு 31 கிலோமீட்டர். மருத்துவத்தில் தாம்பரம் முந்துகிறது. 1928-இல் காசநோய்க்குத் தொடங்கிய சானடோரியம் இன்று அரசு நெஞ்சக மருத்துவமனை, அருகிலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம், குரோம்பேட்டையில் அரசு மருத்துவமனை. வீட்டில் மூச்சுத் தொல்லை உள்ள பெரியவர் இருந்தால் இந்த ஒரு வரியே முடிவைத் தீர்மானிக்கலாம்.

என் முடிவு இது. வேலை அம்பத்தூர், பெரம்பூர், சென்ட்ரல், பட்டாபிராம் பக்கம் என்றால் ஆவடி. தாம்பரத்துக்காக மாதம் 6,950 கூடுதல் தவணையும் 2,500 பெட்ரோலும் கட்டுவதற்கு ஒரு காரணமும் இல்லை. வேலை கிண்டி, சானடோரியம், மேடவாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் என்றால் அந்த 6,950 ரூபாயைத் தயங்காமல் கொடுத்துத் தாம்பரத்துக்குப் போங்கள். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு திசையில் வேலை பார்த்தால், வேலை மாறும் வாய்ப்பு குறைந்தவரின் கோட்டில் முதல் இரண்டு ஆண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பது நல்லது.

எந்த ஊரானாலும், முன்பணம் கொடுக்கும் முன் ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழை நாளில் அந்தத் தெருவுக்குப் போங்கள். எதிர்வீட்டுக்காரரிடம் 2015-இல் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது, 2023-இல் எத்தனை நாள் நின்றது என்று கேளுங்கள். பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் வழக்கறிஞர் பார்க்கட்டும். அந்தப் படியை நீங்களே போய்ப் பாருங்கள்.